சத்தம் பத்தலையா, சிக்னல் அதிகமா?

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரோட்டம் வைகாசியில் நடக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வந்து வடம் பிடித்த வழக்கம், துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிப்பதாக இன்றும் தொடர்கிறது. தேரைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். இங்கே பேச்சு தேரைப் பற்றியது அல்ல, தேரடியில் கம்பத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரைப் பற்றியது.

வில்லியனூரானாலும் பாகூரானாலும், கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும், மைக் செட்காரருக்கும் விழாக் கமிட்டிக்காரருக்கும் நடக்கும் பேச்சு ஒன்றுதான்.

"இன்னா தம்பி, சவுண்டே பத்தல. தெருக்கோடி வரைக்கும் கேக்க வேணாமா?"

"அண்ணே, இதுக்கு மேல வெச்சா கரகரன்னுதாண்ணே வரும். யூனிட் போயிடும்."

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாது. வை, வை."

வைப்பார். கரகரவென்றுதான் வரும். சில நாள் யூனிட்டும் போகும். அந்தச் செலவு கமிட்டியின் கணக்கில் வராது, செட்காரரின் கணக்கில்தான் வரும்.

இந்த மூன்று வரிப் பேச்சில் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. இந்தப் பாடத்தை ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் மாடுலர் சிந்தசைசர் வைத்திருப்பவர்கள் பெரிய பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள். பாகூர் செட்காரருக்கு அது ஏற்கனவே தெரியும். தெரிந்ததைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம்.

மாடுலர் என்றால் என்ன?

சாதாரண கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தினால் வயலின், இன்னொன்றை அழுத்தினால் புல்லாங்குழல். எல்லாம் உள்ளே மூடிக் கிடக்கும். மாடுலர் சிந்தசைசரில் எதுவும் மூடிக் கிடக்காது. ஒலி உண்டாக்கும் ஆசிலேட்டர் ஒரு பெட்டி, அதை வடிகட்டும் ஃபில்டர் ஒரு பெட்டி, அளவைக் கூட்டிக் குறைக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒரு பெட்டி. ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நாமே வயர் செருக வேண்டும். மைக் செட்டில் மைக், மிக்சர், ஆம்ப்ளி, ஸ்பீக்கர் என்று தனித்தனியாக எடுத்து வந்து பந்தலில் இணைப்பது போலத்தான்.

இதை வழக்கத்துக்குக் கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ராபர்ட் மூக் (1934 - 2005). அமெரிக்கர். 1964-ல் தன் கருவியைப் பொதுவில் காட்டினார். அவருடைய பெயரை நிலைக்க வைத்தது அந்தக் கருவியின் ஃபில்டர். டிரான்சிஸ்டர்கள் ஏணிப்படி மாதிரி அடுக்கியிருப்பதால் அதற்கு ஏணி ஃபில்டர் என்றே பெயர். 1969 அக்டோபரில் காப்புரிமை கிடைத்தது. நான்கு படி, ஒவ்வொரு படியும் ஆக்டேவுக்கு 6 டெசிபெல், ஆக மொத்தம் 24 டெசிபெல் என்று உயர் சுருதிகளை வெட்டும். ரம்பப் பல் போன்ற கரடுமுரடான அலையை உள்ளே விட்டால், வெளியே வெண்ணெய் மாதிரி வரும்.

இன்று உலகம் முழுக்க அதிகம் புழங்குவது யூரோராக் என்னும் சிறிய அளவு. 1995-ல் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 என்று ஆரம்பித்தது. அதிலும் மூக் வகை ஏணி ஃபில்டர் உண்டு, ஏ-120 என்று பெயர்.

சரி, அந்த ஏ-120 முகப்பில் அதிர்வெண் குமிழ் இருக்கும், ரெசனன்ஸ் குமிழ் இருக்கும். இவை இரண்டையும் எல்லோரும் திருகுவார்கள். மூன்றாவதாக "லெவல்" என்று ஒன்று இருக்கும். உள்ளே வரும் சிக்னலை எவ்வளவு விடுவது என்பதற்கான குமிழ். புதிதாக வாங்கியவர்கள் அதை முழுதாகத் திறந்து வைத்துவிட்டு மறந்து போவார்கள். பிறகு "இந்த ஃபில்டர் சரியில்லை, வேறு வாங்க வேண்டும்" என்பார்கள்.

சரியில்லாதது ஃபில்டர் அல்ல. அந்தக் குமிழ் இருக்கும் இடம்தான்.

தள்ளுபடிக் கணக்கு

"சத்தத்தைக் குறைக்கத்தானே வேண்டும்? ஃபில்டருக்கு முன்னால் குறைத்தால் என்ன, பின்னால் குறைத்தால் என்ன?" என்ற கேள்வி நியாயமானது. பதில் ஒரு கடைக் கணக்கில் இருக்கிறது.

1000 ரூபாய் பொருள். 10 சதவீதம் தள்ளுபடி, 18 சதவீதம் வரி. முதலில் தள்ளுபடி: 900, வரியோடு 1062. முதலில் வரி: 1180, தள்ளுபடி போக 1062. இரண்டும் ஒன்று. வரிசை மாறினாலும் கவலை இல்லை.

இப்போது கடைக்காரர் ஒரு வரி சேர்க்கிறார்: "தள்ளுபடி அதிகபட்சம் 100 ரூபாய்." முதலில் தள்ளுபடி என்றால் 1000-க்கு 100 போய் 900, வரியோடு 1062. முதலில் வரி என்றால் 1180-க்கு 118 வர வேண்டியது உச்சவரம்பில் இடித்து 100-தான் வரும், ஆக 1080. வரிசை மாறியதும் 18 ரூபாய் வித்தியாசம்! பொருளும் அதே, சதவீதங்களும் அதே. நடுவில் ஒரு உச்சவரம்பு வந்தது, அவ்வளவுதான்.

ஃபில்டருக்குள்ளும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. டிரான்சிஸ்டர் ஜோடி ஒன்று, சுமார் 20 மில்லிவோல்ட் வரை கொடுத்ததை ஏறக்குறைய கொடுத்தபடியே தரும். 100 மில்லிவோல்ட் கொடுத்தால் வர வேண்டியதில் பாதிதான் வரும். மேலே போகப் போக, கொடுப்பது எவ்வளவானாலும் வருவது ஒரே அளவில் நின்றுவிடும். யூரோராக்கில் ஆசிலேட்டர் தருவதோ கூட்டல் கழித்தல் 5 வோல்ட், அதாவது மேலிருந்து கீழ்வரை 10 வோல்ட். 5 வோல்ட்டை 25 மில்லிவோல்ட் ஆக்க வேண்டுமென்றால் 200-ல் 1 பங்காகக் குறைக்க வேண்டும். ஃபில்டர் வடிவமைப்பாளர் இந்தக் குறைப்பை உள்ளேயே செய்து வைத்திருப்பார். ஆனால் ஒரு ஆசிலேட்டரை மனதில் வைத்துத்தான் செய்திருப்பார். இரண்டு மூன்று ஆசிலேட்டர்களைக் கூட்டி உள்ளே தள்ளினால் அவர் கணக்கு உடையும். கூட்டல் கழித்தல் 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் கருவியில் இரண்டு 5 வோல்ட் அலைகள் சேர்ந்தாலே 10 வோல்ட். மிக்சரிலேயே மண்டை இடிக்கும் தூரம்தான்.

அலையின் தலை நசுங்கினால் அதிலிருந்து புதிய சுருதிகள் பிறக்கும். மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு என்று அசலில் இல்லாதவை. இந்த நசுங்கல் ஃபில்டருக்கு முன்னால் நடந்தால், பிறந்த சுருதிகளை ஃபில்டர் ஓரளவு வெட்டிவிடும், ஒலி தடிமனாக இருக்கும். ஃபில்டருக்குப் பின்னால் நடந்தால் வெட்ட ஆளில்லை, ஒலி கீச்சென்று இருக்கும். ஃபில்டருக்கு உள்ளேயே நடந்தால் இரண்டும் கலந்த ஒரு நிறம், மூக் பெயரை நிலைக்க வைத்த நிறத்தில் அதற்கும் பங்கு உண்டு. ஆக, "எங்கே குறைப்பது" என்பது சத்தம் சம்பந்தப்பட்ட கேள்வியே அல்ல. நிறம் சம்பந்தப்பட்ட கேள்வி. பின்னால் குறைத்தால் சத்தம் மட்டும் குறையும். முன்னால் குறைத்தால் குணமே மாறும்.

ரெசனன்ஸ் என்னும் கள்ளக் கணக்கு

அடுத்தது ரெசனன்ஸ். ஃபில்டரின் வெளியீட்டில் ஒரு பங்கை எடுத்துத் தலைகீழாக்கி மறுபடி உள்ளே விடுவார்கள். குமிழைக் கூட்டக் கூட்ட, வெட்டும் இடத்துச் சுருதி மட்டும் தூக்கலாகி, கடைசியில் விசில் அடிக்க ஆரம்பிக்கும். மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டு போனால் "கூ..." என்று கத்துமே, அதன் சொந்தக்காரன்தான் இது.

ஏணி ஃபில்டரில் விசில் ஆரம்பிப்பது, திரும்ப விடும் பங்கு 4 மடங்கு ஆகும்போது. ஏனென்றால் நான்கு படிகளும் சேர்ந்து அந்தச் சுருதியை 4-ல் 1 ஆக்கிவிடுகின்றன. அதை ஈடுகட்ட 4 மடங்கு தேவை. ஆனால் அதே நேரம் கீழ்ச் சுருதிகள் என்னாகின்றன? அவை வெட்டப்படாமல் முழுதாகத் தலைகீழாகி உள்ளே வந்து, அசலைக் கழித்துவிடுகின்றன. விளைவு, கீழ்ச் சுருதிகள் 5-ல் 1 பங்காகச் சுருங்கும். டெசிபெல்லில் சொன்னால் 14 குறைவு. பேஸ் காணாமல் போய்விட்டது போலிருக்கும்.

இங்கேதான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். பேஸ் போய்விட்டதே என்று உள்ளீட்டு லெவலைக் கூட்டுகிறார்கள். உள்ளே உச்சவரம்பில் இடிக்கிறது. இடித்ததும் ரெசனன்ஸ் மங்கிவிடுகிறது, ஏனென்றால் திரும்ப வரும் பங்கும் அதே நெரிசலில் மாட்டிக்கொள்கிறது. ரெசனன்ஸ் மங்கியதே என்று ரெசனன்ஸைக் கூட்டுகிறார்கள். மறுபடி பேஸ் போகிறது. இப்படியே போனால் கடைசியில் எல்லாக் குமிழும் முழுதாகத் திறந்திருக்கும், ஒலி மட்டும் சோர்ந்து கிடக்கும். வட்டி கட்ட இன்னொரு கடன் வாங்குபவர் கணக்கு.

செய்ய வேண்டியது எளிது. உள்ளே குறை, வெளியே கூட்டு. உள்ளீட்டைக் குறைத்தால் ரெசனன்ஸ் தெளிவாகத் தெரியும். போன பேஸை ஃபில்டருக்குப் பிறகு வரும் ஆம்ப்ளிஃபையரில் ஈடு செய்யலாம்.

இதைச் சோதித்துப் பார்ப்பதும் எளிது. முதலில் ரெசனன்ஸைச் சுழியத்தில் வைத்து, ஃபில்டரை முழுதாகத் திறந்துவிட வேண்டும். உள்ளீட்டு லெவலை மெதுவாகக் கூட்டி, ஒலியின் குணம் மாறத் தொடங்கும் இடத்தைக் காதால் பிடிக்க வேண்டும். அங்கிருந்து பாதியாகக் குறைக்க வேண்டும் (பாதி என்றால் 6 டெசிபெல்). அதுதான் சுத்தமான ஒலிக்கு ஆரம்ப இடம். பிறகு வேண்டுமென்றே அந்த எல்லையைத் தாண்டிப் போகலாம். தாண்டுவது தப்பில்லை, எல்லை எங்கே என்று தெரியாமல் தாண்டுவதுதான் தப்பு.

காது ஏமாறும்

"கேட்டால் நன்றாக இருந்தால் போதாதா, இவ்வளவு கணக்கு எதற்கு?" என்பவர்கள் உண்டு. காதுதான் கடைசி நீதிபதி, மறுப்பில்லை. ஆனால் அந்த நீதிபதிக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு ஒலிகளில் எது கொஞ்சம் சத்தமோ, அதுவே நல்லது என்று தீர்ப்புச் சொல்லிவிடும். 1933-லேயே ஃப்ளெட்சரும் மன்சனும் காட்டியது, சத்தம் குறைந்தால் காதுக்குக் கீழ்ச் சுருதிகள் மற்றவற்றைவிட அதிகமாக மங்கிப் போகும் என்று. எனவே லெவலைக் கூட்டியதும் "ஆஹா, பேஸ் வந்துவிட்டது" என்று தோன்றுவதில் பாதி ஃபில்டரின் வேலை அல்ல, காதின் வேலை. ஒப்பிடும்போது கடைசி வெளியீட்டின் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். தராசுத் தட்டைச் சமன் செய்யாமல் கத்தரிக்காய் நிறுக்க மாட்டோம் அல்லவா?

இன்னொரு ஆட்சேபம்: "சிதைவுதானே அழகு? மினிமூக்கில் எல்லாரும் மிக்சரை ஏற்றித்தான் வாசித்தார்கள்." உண்மை. 1970-ல் வந்த மினிமூக்கின் ஹெட்போன் துளையிலிருந்து வயர் எடுத்து அதன் வெளி உள்ளீட்டிலேயே செருகி ஒலியைத் தடிமனாக்குவது பிரபலமான தந்திரம். பழைய மூக் மாடுலரின் 904ஏ ஃபில்டரில் உள்ளீட்டுக்குக் குமிழே கிடையாது, முன்னால் இருக்கும் மிக்சரில்தான் அளவைப் பிடிக்க வேண்டும். ஆனால் கவனியுங்கள், அந்தத் தந்திரம் செய்தவர்களும் ஹெட்போன் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திருகினார்கள். சாம்பாரில் பெருங்காயம் வேண்டும் என்பதற்காக டப்பாவையே கவிழ்ப்பதில்லை.

நம் வாத்தியக்காரர்களுக்கு இது புதிதல்ல. தம்புராவின் குதிரையில் தந்திக்கு அடியில் ஒரு நூல் இருக்கும், ஜீவாளி என்பார்கள். அதை ஒரு மயிரிழை நகர்த்தினால் நாதம் ரீங்கரிக்கும், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் செத்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்பும்போது எவ்வளவு என்பதற்கு அளவுகோல் இல்லை, விரலும் காதும்தான். உள்ளே எவ்வளவு விடுவது என்ற ஒரே கேள்விக்கு இவர்கள் நூல் கொண்டும் ரவை கொண்டும் பதில் சொல்கிறார்கள்.

அகமதாபாத்தில் ஒரு மூக்

இந்தியாவுக்கும் மாடுலருக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்க வேண்டாம். 1969-ல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் ஒரு மின்னிசைக் கூடம் அமைந்தது. அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் வந்து மூக் மாடுலர் ஒன்றை நிறுவிக் கொடுத்தார். கீதா சாராபாய், ஐ. எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் வேலை செய்தார்கள். 1946-ல் நியூயார்க்கில் ஜான் கேஜுக்கு இந்திய இசை கற்றுக்கொடுத்தவர்தான் இந்த கீதா சாராபாய். அந்தக் கூடத்தில் 1969 முதல் 1972 வரை பதிவான நாடாக்கள் பல காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் கலைஞர் ஆவணக் காப்பகத்தில் அவற்றைக் கண்டெடுத்து, 2023-ல் தொகுப்பாக வெளியிட்டார்.

1982-ல் மும்பையின் சரண்ஜித் சிங் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஒரு இசைத்தட்டு போட்டார். ரோலண்ட் டிபி-303 என்ற சின்னப் பெட்டியின் ஃபில்டரும் ரெசனன்ஸும் அதில் கேட்கும். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-ல் வெளிநாட்டில் மறுபதிப்பு வந்த பிறகுதான் உலகமே பேசியது.

இரண்டு கதைகளும் ஒன்றைத்தான் சொல்கின்றன. கருவி வந்தது, ஆளும் இருந்தார்கள், நல்ல வேலையும் நடந்தது. பழக்கம் மட்டும் அடுத்தவருக்குப் போகவில்லை. அகமதாபாத்தில் அந்தக் குமிழ்களைத் திருகிப் பெற்ற அறிவு பாகூருக்கு வரவில்லை, பாகூர் செட்காரரின் அறிவு அகமதாபாத்துக்குப் போகவில்லை. கருவி வாங்குவது ஒரு தடவைச் செலவு. அதைப் புழக்கத்தில் வைத்திருப்பதும், பத்துப் பேருக்குக் கற்றுக்கொடுப்பதும் தொடர் செலவு. நம் நிறுவனங்கள் முதல் செலவுக்குப் பணம் ஒதுக்கும், போட்டோ எடுக்கும். இரண்டாவதற்கு ஒதுக்காது.

பாகூருக்கு இந்த விஷயத்தில் ஒரு பழைய பெருமை உண்டு. 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துப் பாகூர்ச் செப்பேடு, அங்கிருந்த வித்யாஸ்தானம் என்னும் கல்விச் சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்ததைச் சொல்கிறது. கட்டடம் கட்டிக் கொடுத்தோம் என்று நிறுத்தவில்லை. ஆண்டுதோறும் வருமானம் வர ஊர்களையே எழுதி வைத்திருக்கிறார்கள். தொடர் செலவு என்ற கருத்து ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

பந்தலுக்குத் திரும்பினால்

சிந்தசைசர் பெட்டியில் லெவல் தவறினால் ஒரு பாட்டு கெடும். பந்தலில் தவறினால் என்ன கெடும்?

100 வாட் ஆம்ப்ளி ஒன்று, தலை நசுங்காத அலைக்கு 100 வாட் தரும். தலையும் காலும் முழுதாக நசுங்கிச் சதுரமானால் அதே ஆம்ப்ளி 200 வாட் வரை தள்ளும். அந்தக் கூடுதல் சக்தியில் ஒரு பங்கு, நசுங்கலில் பிறந்த உயர் சுருதிகளாகச் சின்ன யூனிட்டின் தலையில் போய் விழும். மெல்லிய கம்பிச் சுருள், சூடேறிக் கருகும். செட்காரர் "யூனிட் போயிடும்ணே" என்று சொன்னது இதைத்தான்.

சரி, இவ்வளவு இழப்புக்குப் பிறகு சத்தமாவது கூடியதா? சக்தி இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபெல் வேண்டும், அதற்கு 10 மடங்கு சக்தி வேண்டும். கமிட்டிக்காரர் கேட்ட தெருக்கோடிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. கரகரப்பு மட்டும் போய்ச் சேர்ந்தது.

தூரக் கணக்கும் அப்படித்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 6 டெசிபெல் குறையும். கம்பத்திலிருந்து 1 மீட்டரில் 110 டெசிபெல் என்றால் 32 மீட்டரில் 80. கடைசி வீட்டுக்காரருக்குக் கேட்க வேண்டும் என்று ஒரே கம்பத்தில் ஏற்றிக்கொண்டே போனால், அந்தக் கம்பத்தடியில் பலூன் வாங்க நிற்கும் குழந்தையின் காது என்னாவது? பக்கத்து வீட்டுத் திண்ணையில் படுத்திருக்கும் பாட்டி என்னாவார்? காதுக்குள் செத்த நரம்புச் செல் மறுபடி முளைக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபெல், இரவில் 45. ஒலிபெருக்கி வைக்கும் பொது இடத்தின் எல்லையில், அந்தப் பகுதிக்கு விதித்த சுற்றுப்புற ஒலி அளவைவிட 10 டெசிபெல் கூடுதல் அல்லது 75 டெசிபெல், இரண்டில் எது குறைவோ அதுதான் வரம்பு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கூடாது. விழாக்களுக்கு ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்த்தலாம். 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் இரவு 11 மணிக்கு டெசிபெல் மீட்டரோடு தேரடிக்கு யார் வருவது?

அதனால் சட்டத்தைவிட அறிவை நம்புவது நல்லது. கம்பத்துக்குக் கம்பம் சின்னப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் குறைந்த லெவல் வைத்தால் தெருக்கோடிக்கும் தெளிவாகக் கேட்கும், யாருக்கும் காது வலிக்காது. "முன்னால் குறை, தேவையான இடத்தில் கூட்டு" என்ற அதே பாடம். நல்ல செட்காரர்கள் இதைச் செய்யத்தான் ஆசைப்படுகிறார்கள். கூடுதல் பெட்டிக்கும் வயருக்கும் ஆளுக்கும் காசு கேட்டால், "போன வருஷம் ஒருத்தரு ஒரே கொழாய்ல முடிச்சாரே" என்று பதில் வருகிறது.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. 2017-ல் வந்த விசிவி ராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே போதும். கல்லூரி மாணவரின் லேப்டாப்பில் முழு மாடுலரும் கிடைக்கும். அதிலுள்ள ஃபில்டரில் "டிரைவ்" என்று ஒரு குமிழ் இருக்கிறது, அது மேலே சொன்ன லெவல் விவகாரம்தான். கணினிக்குள் எண்களாகவே ஓடுவதால் வழியில் எங்கும் இடிக்காது என்று நினைத்துவிட வேண்டாம். அந்த ஃபில்டர், ஏணியின் நெரிசலையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. அங்கேயும் முன்னால் குறைப்பதும் பின்னால் குறைப்பதும் வேறு வேறுதான்.

கையால் செய்து பார்க்க ஆசையா? மூன்று கால் உள்ள பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று, இரண்டு ஜாக், ஒரு சால்டரிங் அயர்ன். ஒரு ஓரக் காலில் சிக்னல், மறு ஓரக் காலில் கிரவுண்டு, நடுக்காலில் வெளியீடு. லெவல் குறைக்கும் கருவி தயார். மைக் செட் கடையில் வேலை பார்க்கும் பையன் இதைப் பத்து நிமிடத்தில் செய்துவிடுவான். ஒரு நுணுக்கம்: 100 கே குமிழை நடுவில் வைத்து, 100 கே உள்ளீடு கொண்ட ஃபில்டரில் செருகினால் பாதி வராது, 40 சதவீதம்தான் வரும். 10 கே குமிழ் என்றால் 49 சதவீதம் கிட்ட வரும். அடுத்த கருவியின் பாரம் முந்தைய குமிழின் மீது விழுகிறது என்பதே காரணம். செல்போனிலிருந்து பாட்டை எடுத்து மாடுலர் ஃபில்டரில் விட ஆசைப்பட்டால் கதை தலைகீழ். வீட்டு ஆடியோ கருவிகளின் வழக்கமான அளவு 0.3 வோல்ட் சுற்றளவு, மாடுலரின் 5 வோல்ட் அலைக்கு ஈடாக்க அதைச் சுமார் 11 மடங்கு கூட்ட வேண்டும். அங்கே குறைப்பது தவறு, கூட்டுவதுதான் சரி. லெவல் சரிசெய்வது என்றால் எப்போதும் குறைப்பது என்று அர்த்தமல்ல, அடுத்தவரின் கொள்ளளவு தெரிந்து கொடுப்பது என்று அர்த்தம்.

வில்லியனூர், பாகூர் மாதிரியான கொம்யூன்களில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருப்பவர்களைக் கல்லூரிக்கும் பள்ளிக்கும் ஒரு நாள் அழைத்துப் பாடம் நடத்தச் சொல்லலாம். டெசிபெல் என்றால் மடக்கை என்று புத்தகத்தில் படித்து மதிப்பெண் வாங்கிய மாணவன், அவர் கை அந்தக் குமிழில் எங்கே நிற்கிறது என்று பார்க்கட்டும். அவருக்கும் மரியாதை, இவனுக்கும் அறிவு. மறுபக்கம், அந்தக் கடைகளில் வேலை பார்க்கும் பையன்களுக்கு மாடுலர் என்ற ஒன்று இருக்கிறது, அதன் மர்மம் என்று வெளிநாட்டில் பேசுவதில் பாதி அவர்கள் தினமும் செய்யும் வேலைதான் என்று யாராவது சொல்ல வேண்டும். இசை அமைக்க பணக்கார வீட்டில் பிறந்திருக்க வேண்டும் என்ற நினைப்பு ஒரு பையனிடமாவது உடைந்தால் லாபம்தான்.

கமிட்டிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த வைகாசியில் செட்காரர், "இதுக்கு மேல வேணாம்ணே" என்று சொல்லும்போது அவர் சோம்பேறித்தனத்தில் சொல்லவில்லை. ராபர்ட் மூக்கின் டிரான்சிஸ்டருக்குப் பொருந்தும் விதியைத்தான் அவர் தன் பாஷையில் சொல்கிறார். அவரை ஒரு தடவை நம்பிப் பாருங்கள். தெருக்கோடியில் நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்கும்.